அஸ்வினின் 537: உள்ளூர் வரவு எவ்வளவு, கொண்டுவிற்ற கணக்கு எவ்வளவு?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, அஸ்வினோட பவுலிங் சாதனைகளை முழுசா எழுத முடியுமா? பினாங்குல இருக்கிற எங்க மச்சான், 'அவன் எடுத்ததெல்லாம் நம்ம ஊர் மண்ணுல எடுத்தது, வெளிநாடு போனா ஒண்ணுமில்ல, கும்ப்ளே கால்தூசிக்கு ஆகமாட்டான்'னு வாட்ஸ்அப்ல தினமும் வம்புக்கு இழுக்கிறார். அவர் காலேஜ் டீம்ல இடக்கை ஓப்பனரா ஆடினவர், அதனால தனக்குத்தான் எல்லாம் தெரியும்ங்கறார். என்ன பதில் சொல்ல?"

தம்பி, உங்கள் மச்சான் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுங்கள். மீதியில் அவரை மடக்கிவிடலாம்.

நான் காரைக்குடிக்காரன். லீக் மேட்ச்களுக்கு முப்பது வருஷம் ஸ்கோர் எழுதியவன். எங்கள் ஐயா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதினார். வருஷக் கடைசியில் ஐந்தொகை எடுக்கும்போது மொத்தத்தைப் பார்த்து மயங்கமாட்டாராம். எந்தக் கடையில் எவ்வளவு வந்தது, எத்தனை நாளில் வந்தது, வராமல் நிற்கிற பாக்கி யாரிடம் என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் வெற்றிலைப் பெட்டியைத் திறப்பாராம். அஸ்வின் கணக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மொத்தத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டால் நீங்களும் ஜெயிக்கமாட்டீர்கள், அவரும் ஜெயிக்கமாட்டார்.

முதலில் மொத்தம். 106 டெஸ்ட், 537 விக்கெட், சராசரி 24.00, அதாவது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன். ஒரு இன்னிங்ஸில் 5 விக்கெட் 37 தடவை, ஒரு மேட்சில் 10 விக்கெட் 8 தடவை. சிறந்த பந்துவீச்சு 59 ரன்னுக்கு 7, 2016 அக்டோபரில் இந்தூரில் நியூசிலாந்துக்கு எதிராக. அதே மேட்சில் மொத்தம் 140 ரன்னுக்கு 13. இந்தியர்களில் டெஸ்ட் விக்கெட் கணக்கில் இவருக்கு மேலே இருப்பது கும்ப்ளே (619) மட்டும். ஒருநாள் போட்டியில் 116 ஆட்டத்தில் 156, சர்வதேச டி20யில் 65 ஆட்டத்தில் 72. மூன்றையும் கூட்டினால் 765. 2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு ஓய்வை அறிவித்தார். அந்த டெஸ்டில் அவர் ஆடவில்லை, அதற்கு முந்தைய அடிலெய்டுதான் கடைசி.

இது பேரேட்டின் கடைசிப் பக்கம். எனக்கு ருசியான பக்கம் வேறு, பணம் எவ்வளவு சீக்கிரம் வந்தது என்கிற பக்கம்.

2011 நவம்பரில் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 3, இரண்டாவதில் 47 ரன்னுக்கு 6, ஆட்ட நாயகன். பெட்டியடியில் உட்காரவைத்த பையன் முதல் நாளே கல்லாவை நிரப்பியது மாதிரி. மூன்று டெஸ்ட் தொடரில் 22 விக்கெட், மும்பையில் ஒரு சதமும். அதே மும்பை டெஸ்டின் கடைசிப் பந்தில் ஜெயிக்க 2 ரன் தேவை. ஒன்று ஓடி, இரண்டாவதுக்குத் திரும்பியபோது ரன் அவுட். இரண்டு அணியின் ஸ்கோரும் சமம், மேட்ச் டிரா. முதல் தொடரிலேயே ஆளுக்கு எல்லாமே நடந்துவிட்டது.

9 டெஸ்டில் 50 விக்கெட், 18 டெஸ்டில் 100. இரண்டும் இந்தியர்களில் அன்றைக்கு அதிவேகம். 37 டெஸ்டில் 200. அப்போது உலகத்திலேயே அதைவிட வேகமாக அங்கே போனவர் 1930களில் ஆடிய ஆஸ்திரேலியாவின் கிளாரி கிரிம்மெட் ஒருவர்தான், 36 டெஸ்டில். 250ஐ 45 டெஸ்டில் எடுத்தபோது டென்னிஸ் லில்லியின் 48ஐத் தாண்டினார். 300ஐ 54 டெஸ்டில் எடுத்தபோது மறுபடியும் லில்லி (56). லில்லி வேகப்பந்துக்காரர் என்பதைக் கவனியுங்கள். ஒரு ஆஃப் ஸ்பின்னர் வேகப்பந்துக்காரனின் சாதனையை இரண்டு தடவை முறிப்பது சாதாரண சங்கதி இல்லை. 350ஐ 66 டெஸ்டில் எடுத்து இலங்கையின் முரளிதரனோடு சமமாக நின்றார். அதற்குப் பிறகு 400 (77 டெஸ்ட்), 450 (89), 500 (98) மூன்றிலும் முரளிக்கு அடுத்த இடம். 500வது விக்கெட் 2024 பிப்ரவரி 16, ராஜ்கோட், இங்கிலாந்தின் ஸாக் கிராலி. அன்றைக்கு ராத்திரியே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சென்னைக்குப் பறந்தார், ஒரு நாள் விட்டு நான்காம் நாள் திரும்பி வந்து பந்து போட்டார்.

வேகத்தை அளக்க இன்னொரு படி இருக்கிறது, ஸ்ட்ரைக் ரேட். ஒரு விக்கெட் விழ சராசரியாக எத்தனை பந்து போடவேண்டியிருக்கிறது என்ற கணக்கு. அஸ்வினுக்கு 50.7. முரளிக்கு 55, ஆஸ்திரேலியாவின் வார்னுக்கு 57.4, கும்ப்ளேவுக்கு 65.9, ஹர்பஜனுக்கு 68.5. டெஸ்டில் 200 விக்கெட்டுக்கு மேல் எடுத்த சுழல்பந்துக்காரர்களில் இதைவிடக் குறைந்த எண் வேறு யாருக்கும் இல்லை. வட்டிக்கடை பாஷையில் சொன்னால், முதல் சீக்கிரம் திரும்பி வருகிறது. உங்கள் மச்சானிடம் ஒரே ஒரு எண்ணைச் சொல்ல முடியும் என்றால் 537ஐச் சொல்லாதீர்கள், 50.7ஐச் சொல்லுங்கள்.

இனி அவர் இடக்கைக்காரர் என்றீர்களே, அந்தக் கதை. அஸ்வினின் 537ல் 268 பேர் இடக்கை ஆட்டக்காரர்கள். சரிபாதிக்கு அரை விக்கெட் குறைவு! உலகத்தில் இடக்கை ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் இல்லை. அப்படியிருக்க ஒரு பவுலரின் பையில் பாதி இடக்கை என்றால் அது தற்செயல் இல்லை. பென் ஸ்டோக்ஸ் 13 தடவை, டேவிட் வார்னர் 11 தடவை, அலஸ்டர் குக் 9 தடவை. 2015ல் சங்கக்காரா தன் கடைசி இரண்டு டெஸ்டை ஆடினார், நாலு இன்னிங்ஸ். நாலிலும் அவுட்டாக்கியவர் அஸ்வின். சந்தர்பால் அப்பாவையும் மகனையும் டெஸ்டில் அவுட்டாக்கிய முதல் இந்தியரும் இவர்தான். சிவ்நரைனை முதல் டெஸ்ட் தொடரிலேயே, மகன் தேஜ்நரைனை 2023 ஜூலையில் டொமினிக்காவில்.

இது எப்படி நடக்கிறது? ஆஃப் ஸ்பின் வலக்கைக்காரருக்கு உள்ளே வரும், இடக்கைக்காரருக்கு வெளியே போகும். வெளியே போகிற பந்து ஆபத்தானது என்பது ஊருணியில் விளையாடுகிற பையனுக்கும் தெரியும். ஆனால் வெறுமனே வெளியே போனால் விட்டுவிடலாமே? அஸ்வின் ஸ்டம்பைச் சுற்றி அந்தப் பக்கமாக வந்து போடுவார், ரவுண்ட் த விக்கெட். அந்தக் கோணத்தில் பந்து இடக்கைக்காரரின் காலை நோக்கி உள்ளே வருகிறது. காற்றில் வரும்போதே இன்னும் கொஞ்சம் உள்ளே மிதந்து வரும், அதுதான் டிரிஃப்ட். ஆட்டக்காரருக்கு வேறு வழியில்லை, மட்டையை அந்தக் கோட்டில் வைத்தே ஆக வேண்டும். தரையில் பட்டதும் பந்து வெளியே திரும்புகிறது. மட்டை உள்ளே, பந்து வெளியே. விளிம்பில் பட்டால் ஸ்லிப், படாவிட்டால் ஆஃப் ஸ்டம்ப். சரி, திரும்பும் என்று எதிர்பார்த்து வெளிக்கோட்டில் ஆடினால்? அந்த ஒரு பந்து திரும்பாது, நேரே போய் காலில் படும், எல்பிடபிள்யூ. அம்பயர் தீர்ப்பை டிவி ரீப்ளே பார்த்து மறுபடி சரிபார்க்கிற டிஆர்எஸ் முறையை 2016 கடைசியில் இந்தியா ஏற்றுக்கொண்ட பிறகு, முன்காலை நீட்டி காலாலேயே தடுக்கிற பழைய தந்திரமும் செல்லாக்காசு ஆகிவிட்டது.

அப்புறம் சொடக்குப் பந்து. இங்கிலீஷ் வர்ணனையில் கேரம் பால் என்பார்கள். சென்னைத் தெருவில் டென்னிஸ் பந்து ஆடுகிறவர்கள் வைத்த பேர் சொடக்கு, அங்கே கற்றதுதான் என்று அஸ்வினே பல இடத்தில் சொல்லியிருக்கிறார். எப்படி என்று தெரிய வேண்டுமானால் வீட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். நடுவிரலை மடக்கி, நகத்துப் பக்கம் பழத்துக்கு அடியில் இருக்கும்படி முட்டுக்கொடுங்கள். இப்போது கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி நடுவிரலை விசுக்கென்று நிமிர்த்துங்கள். பழம் சுழன்றுகொண்டே போகும், ஆனால் ஆஃப் ஸ்பின் போகிற திசைக்கு எதிர்த்திசையில். எங்கள் வீட்டு வளவில் நான் இதைச் செய்துகாட்டப்போய், பழம் ஆத்தங்குடிக் கல்லில் விழுந்து வழுக்கிக்கொண்டு நேரே பூஜை அறைக்குள் போய்விட்டது. வீட்டில் வாங்கிய வசவு தனி. ஆனால் அந்த வசவில்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இருக்கிறது.

பழம் ஏன் திரும்பவில்லை? ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மாதிரி வழவழப்பு. சுழல்கிற பொருள் திரும்ப வேண்டுமானால் தரை அதைப் பிடிக்க வேண்டும். வைகாசியில் வறண்டுபோன ஊருணியில் கிரிக்கெட் ஆடிப்பாருங்கள். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், மேலே பொடி மண். சும்மா கையைத் திருப்பிப் போட்டாலே பந்து அரையடி திரும்பும். அதே பையனைச் சிமெண்டு களத்தில் போடச் சொல்லுங்கள், பேந்தப் பேந்த விழிப்பான். இந்தியாவில் டெஸ்ட் பிட்ச் நான்காம் நாள் ஐந்தாம் நாள் அந்த ஊருணி மாதிரி ஆகிவிடும், சில ஊரில் முதல் நாள் மத்தியானமே ஆகிவிடும். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்காவில் தரை கெட்டி, பந்து எகிறும், திரும்பாது.

பந்தும் வேறு. நம் ஊரில் மீரட்டில் செய்கிற எஸ்ஜி பந்து. தையலைக் கையால் போடுகிறார்கள், நூல் புடைத்துக்கொண்டு நிற்கும், விரலுக்கும் பிடி, தரைக்கும் பிடி. ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா, கொஞ்ச நேரத்தில் தையல் அமுங்கி வழவழவென்று ஆகிவிடும். ஸ்கோர் மேசைக்குப் பழைய பந்து வரும்போது அந்தத் தையலை விரலால் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். எஸ்ஜி அறுபது ஓவருக்குப் பிறகும் முதுகெலும்பு மாதிரி தட்டுப்படும்.

இப்போது கடைவாரியாகப் பிரிப்போம். நம் பக்கத்தில் பர்மா, மலாயா, சிலோன் என்று கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போனதைக் கொண்டுவிற்கப் போனது என்பார்கள். அஸ்வினின் உள்ளூர் வரவு 65 டெஸ்டில் 383 விக்கெட், சராசரி 21.57. கொண்டுவிற்ற கணக்கு 41 டெஸ்டில் 154. அதை இன்னும் பிரித்தால், இலங்கையில் 6 டெஸ்டில் 38, மேற்கிந்தியத் தீவுகளில் 6 டெஸ்டில் 32, வங்கதேசத்தில் 3 டெஸ்டில் 12. இந்த மூன்று ஊரையும் சேர்த்தால் 15 டெஸ்டில் 82, டெஸ்டுக்கு ஐந்தரை. உள்ளூரில் டெஸ்டுக்கு ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. 'வெளிநாடு போனால் ஒண்ணுமில்லை' என்பது இந்த இடத்திலேயே படுத்துவிடுகிறது. ஆண்டிகுவாவில் 2016ல் சதமும் அடித்து 83 ரன்னுக்கு 7 எடுத்தாரே, அதுவும் வெளிநாடுதான். டொமினிக்காவில் 2023ல் 131 ரன்னுக்கு 12, அதுவும் வெளிநாடுதான். இலங்கையின் காலி நகரத்தில் 2015ல் 10 விக்கெட் எடுத்தும் நம் ஆட்டக்காரர்கள் 176ஐத் துரத்த முடியாமல் 112க்குச் சுருண்டு மேட்சைக் கோட்டைவிட்டார்கள். அதற்குப் பவுலர் என்ன செய்வார்?

வராத பாக்கி எங்கே இருக்கிறதென்றால் மற்ற நாலு ஊரில். ஆஸ்திரேலியா 11 டெஸ்டில் 40, இங்கிலாந்து 7 டெஸ்டில் 18, தென்னாப்பிரிக்கா 7 டெஸ்டில் 11, நியூசிலாந்து ஒரு டெஸ்டில் 3. மொத்தம் 26 டெஸ்டில் 72. டெஸ்டுக்கு மூன்றுகூட இல்லை. மச்சான் பிடித்திருக்கிற பாதி இதுதான். இதைப் பூசி மெழுகக் கூடாது. இந்த ஊர்களில் ஒரு தடவைகூட இன்னிங்ஸில் 5 விக்கெட் அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பாக்கியில் ஆக மோசமான நாள் 2013 டிசம்பர், ஜோகன்னஸ்பர்க். தென்னாப்பிரிக்காவுக்கு இலக்கு 458. கடைசி நாள் பிட்ச், ஸ்பின்னர் ஜெயித்துக் கொடுக்க வேண்டிய நாள். அஸ்வின் 36 ஓவர் போட்டார், 83 ரன், விக்கெட் இல்லை. அவர்கள் 7 விக்கெட்டுக்கு 450 எடுத்தார்கள், எட்டு ரன் குறைவு, டிரா. அடுத்த டெஸ்டில் ஆளை உட்காரவைத்துவிட்டார்கள். 2014 ஆகஸ்டில் மான்செஸ்டர் வரை டெஸ்ட் அணியில் இடமில்லை. நான் அந்த ஐந்தாம் நாளை முழுக்க டிவியில் பார்த்தேன். ஓவருக்கு ஓவர் ஏதோ ஒன்றைப் புதிதாகச் செய்துபார்க்கிறார், ஒரே பந்தை ஒரே இடத்தில் அரை மணி நேரம் போட மனசு வரவில்லை. நானும் அன்றைக்கு உங்கள் மச்சான் கட்சிதான்.

ஆனால் அதே ஆள் பிறகு என்ன ஆனார் என்று பாருங்கள். 2018 ஆகஸ்ட், பர்மிங்ஹாம். பந்து புதுசு மணம்கூடப் போகவில்லை, ஏழாவது ஓவரிலேயே கோலி இவரிடம் கொடுக்கிறார். குக்குக்கு ஒரு பந்து, உள்ளே மிதந்து வந்து, தரையில் பட்டு, மட்டை விளிம்பைத் தாண்டி ஆஃப் ஸ்டம்பைத் தொட்டது. இரண்டாவது இன்னிங்ஸில் அதையே அச்சடித்த மாதிரி இன்னொன்று, குக் பூஜ்யம். மேட்சில் 7 விக்கெட், இங்கிலாந்து மண்ணில். அந்தப் பந்தை எந்தப் பிட்சின் தலையில் கட்டுவார் உங்கள் மச்சான்?

அப்புறம் 2020 டிசம்பர், அடிலெய்டு, பகலிரவு டெஸ்ட், இளஞ்சிவப்புப் பந்து. ஸ்பின்னருக்கு எதுவுமே இல்லாத மேட்ச் என்று எல்லோரும் சொன்னது. ஸ்டீவ் ஸ்மித் 29 பந்து ஆடி ஒரே ஒரு ரன். திரும்பும் என்று ஆடினார், பந்து நேரே போய் விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் ரஹானே கையில். அந்த இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 4. அடுத்து மெல்பர்னில் அதே ஸ்மித், இந்தத் தடவை பந்து திரும்பியது, லெக் ஸ்லிப்பில் புஜாரா கையில், பூஜ்யம். ஒன்றில் திரும்பாமல், இன்னொன்றில் திரும்பி. அந்தத் தொடரில் 3 டெஸ்டில் 12 விக்கெட், சராசரி 28.83. 2011-12ல் அதே நாட்டில் 62க்கு மேல் சராசரி வைத்திருந்த ஆள் இவர். பாக்கி முழுசாக வசூலாகவில்லை என்றாலும், வசூலிக்கிற வித்தை கைக்கு வந்துவிட்டது.

வித்தை வந்த பிறகு வாய்ப்பு வந்ததா என்றால், அதுதான் எனக்குத் தீராத எரிச்சல். 2021ல் இங்கிலாந்துக்கு எதிராக அங்கே நாலு டெஸ்ட், நாலிலும் வெளியே உட்கார்ந்திருந்தார். 2023 ஜூனில் ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி. அன்றைக்கு டெஸ்ட் பவுலர் தரவரிசையில் முதலிடம் அஸ்வின். எதிரே ஆஸ்திரேலியா இறக்கிய பதினோரு பேரில் வார்னர், கவாஜா, ஹெட், கேரி, ஸ்டார்க் என்று ஐந்து பேர் இடக்கை. இவர் அணியில் இல்லை! மேகமூட்டம், பச்சைப் பிட்ச், நாலு வேகப்பந்துக்காரர் என்றார்கள். ஹெட் 163 அடித்துவிட்டுப் போனார். வெளியூரில் ஒரே ஒரு ஸ்பின்னருக்குத்தான் இடம் என்றால், பேட்டிங்கையும் சேர்த்துப் பார்த்து ஜடேஜாவுக்குக் கொடுத்துவிடுவார்கள். கடையைத் திறக்கவே விடாமல் வியாபாரம் இல்லை என்று சொல்வது என்ன நியாயம்?

கும்ப்ளேவுக்கு வருவோம். கால்தூசி என்றெல்லாம் பேசுவது எனக்குப் பிடிக்காது, இரண்டு பேருமே நம் வீட்டுப் பிள்ளைகள். 132 டெஸ்ட், 619 விக்கெட், 1999ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 74 ரன்னுக்கு 10. இந்தப் பத்துக்குப் பக்கத்தில்கூட அஸ்வின் போனதில்லை. இன்னிங்ஸில் ஏழுக்கு மேல் எடுத்ததில்லை, டெஸ்டில் ஹாட்ரிக்கும் இல்லை. ஆனால் கும்ப்ளேயின் கணக்கையும் அதே மாதிரி பிரியுங்கள். உள்ளூரில் 63 டெஸ்டில் 350, சராசரி 24.88. வெளியே 69 டெஸ்டில் 269, சராசரி 35.85. அஸ்வினுக்கு வெளியே சராசரி 30ஐ ஒட்டி வருகிறது. டெஸ்டுக்கு எத்தனை விக்கெட் என்று பார்த்தால் வெளியூரில் கும்ப்ளே மேலே, 3.9க்கு 3.76. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்று பார்த்தால் அஸ்வின் மேலே. கும்ப்ளே வெளியூர் போய் நாள் முழுக்க பந்து போட்டு உழைத்துச் சம்பாதித்தார். உழைப்புக்கு என் ஓட்டு கும்ப்ளேவுக்கு. விக்கெட்டைப் பறிக்கிற கைக்கு அஸ்வினுக்கு. 5 விக்கெட் எண்ணிக்கையில் கும்ப்ளேயின் 35ஐ அஸ்வின் தாண்டியது தன் நூறாவது டெஸ்டில், 2024 மார்ச்சில் தரம்சாலாவில். மேட்சில் 10 விக்கெட் என்பதில் இருவரும் சமம், ஆளுக்கு 8.

இன்னொன்று. உள்ளூரில்தான் ஜொலித்தார் என்பது குற்றம் என்றால், அந்தக் கூண்டில் அஸ்வின் தனியாக நிற்கவேண்டியதில்லை. ஷேன் வார்ன் இந்தியாவில் 9 டெஸ்டில் 34 விக்கெட், சராசரி 43. முரளிதரனின் 800ல் 493 இலங்கையில் எடுத்தது. ஆஸ்திரேலிய மண்ணில் முரளிக்கு 5 டெஸ்டில் 12தான். கண்டியில் பிறந்த அந்தத் தமிழரை அதற்காக யாராவது சின்னவர் என்கிறார்களா? 133 டெஸ்டில் 67 தடவை 5 விக்கெட் எடுத்தவரை அப்படிச் சொல்லத்தான் முடியுமா? எந்தச் சம்சாரிக்கும் சொந்தக் காட்டில்தான் விளைச்சல் அதிகம்.

வெள்ளைப் பந்துக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் அவர் நல்ல பவுலர், மகா பவுலர் இல்லை. ஐபிஎல்லில் 221 மேட்சில் 187 விக்கெட். ஆனால் ஒரு ஓவரை விட மனசில்லை. 2013 சாம்பியன்ஸ் டிராபி இறுதிப்போட்டி, பர்மிங்ஹாம், மழையால் 20 ஓவர் மேட்ச். இந்தியா 129. கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 15 ரன் வேண்டும், தோனி பந்தை இவரிடம் கொடுத்தார். கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தால் அவர்களுக்குக் கோப்பை. டிரெட்வெல் மட்டையை வீசினார், பந்து திரும்பிப் போனது, மட்டையில் படவே இல்லை. 4 ஓவரில் 15 ரன், 2 விக்கெட்.

நம் ஊருக்கும் இதற்கும் ஒரு ஒட்டு உண்டு, மச்சானிடம் அதையும் சொல்லிவையுங்கள். சேப்பாக்கம் மைதானத்துக்கு வைத்திருக்கிற பேர் எம்.ஏ.சிதம்பரம். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன், 1960களின் தொடக்கத்தில் இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தவர். 'காரைக்குடி காளை' என்று டிஎன்பிஎல்லில், அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக்கில், ஒரு அணி இருந்தும், காரைக்குடியில் ஒரு மேட்ச்கூட நடக்காமல் பிறகு அது திருப்பூருக்குப் பேர் மாறிப்போனது. அந்த வருத்தத்தில் இருக்கிற நமக்கு சேப்பாக்கத்துப் பேர் ஒன்றுதான் ஆறுதல். அந்தச் சேப்பாக்கத்தில் அஸ்வின் செய்ததைப் பாருங்கள். 2013ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மேட்சில் 12 விக்கெட். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸ், பந்து அஸ்வின் கையில், முதல் பந்திலேயே பர்ன்ஸ் ஸ்லிப்பில் கேட்ச். இன்னிங்ஸின் முதல் பந்தில் ஒரு ஸ்பின்னர் விக்கெட் எடுத்து அப்போது நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு வாரம் கழித்து அதே மைதானத்தில் 43 ரன்னுக்கு 5, 106 ரன், மறுபடி 53 ரன்னுக்கு 3. 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக, 144க்கு 6 விக்கெட் போன நிலையில் உள்ளே வந்து 113 அடித்தார், பிறகு 88 ரன்னுக்கு 6 எடுத்தார். அதுதான் 37வது ஐந்து, வார்னோடு சமம், அவருடைய கடைசி ஐந்தும் அதுவே.

நான் அந்த 2024 மேட்சின் நாலாவது நாளை வீட்டில் உட்கார்ந்து பழைய ஸ்கோர் புத்தகத்தில் எழுதிக்கொண்டே பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, கை பழக்கம். ஸ்பின்னருக்குப் பச்சை மை வைத்திருப்பேன், வேகத்துக்குக் கறுப்பு. அன்றைக்குப் பக்கம் முழுக்கப் பச்சை.

மச்சானுக்கு என்ன எழுதுவது என்று கேட்டீர்கள். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து நாலையும் அவருக்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள். 15 டெஸ்டில் 82, ஸ்ட்ரைக் ரேட் 50.7, இடக்கைக்காரர்கள் 268, இந்த மூன்றை மட்டும் அனுப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அடுத்த தடவை பினாங்கிலிருந்து வரும்போது வைகாசியில் வரச் சொல்லுங்கள், ஊருணி வறண்டிருக்கும். மட்டையும் ஸ்டம்பும் நான் கொண்டுவருகிறேன். எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருத்தன் ரவுண்ட் த விக்கெட் வந்து சொடக்குப் போடுகிறான். இடக்கை ஓப்பனர்தானே, ஆறு பந்து நின்று காட்டட்டும்.